தேங்காய் உடைத்த கடல்

பின்கட்டுச் சுவரோரமாக ஐந்து கற்கள் சாய்ந்து நின்றன. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி வெயிலில் நிறுத்திய பிள்ளைகள் மாதிரி அவ்வளவு சுத்தம். அவ்வளவு சுத்தமாக அவை இருக்கக் கூடாது.

நான் சென்னையிலிருந்து பினாங்குக்கு வந்ததே ஆறு கற்களுக்காக. என் தங்கை சுமதி பாறைகளைப் படிக்கிறவள். கடப்பைப் பக்கத்தில் ஓர் ஓடை அறுத்துப்போட்ட கரையில், அடியிலிருந்து மேலாக ஆறு படிவுகளில் ஆறு துண்டுகள் எடுத்தாள். எல்லாம் சுண்ணாம்புப் பாறை. நம் சமையல் மேடைகளில் கிடக்கும் கடப்பைக் கல்லுக்குப் பங்காளிகள். மீன் பிறக்காத, புல் முளைக்காத காலத்தில் ஒரு கடல் தன் அடியில் படலம் படலமாக இறக்கி வைத்தவை. நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலே எவ்வளவோ. ஒவ்வொன்றிலும் சிவப்பு மெழுகுப் பென்சிலால் எண் போட்டாள். எந்தப் பக்கம் மேலே என்று ஓர் அம்பும் போட்டாள். அந்த அம்புதான் உயிர். கல் தலைகீழானால் கடலின் கதையும் தலைகீழ்.

அந்த ஓடை இப்போது நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிவிட்டது. மறுபடி போய் எடுக்க வழியில்லை. எடுத்த புகைப்படச் சுருளும் வெளிச்சம் பட்டு வீணாயிற்று.

கற்கள் கடல் தாண்டிய கதை சின்னது. சுமதியின் வழிகாட்டி அருளம்பலம் சார் பினாங்கில் பிறந்தவர். ஓய்வு பெற்றுத் தம் தமக்கை வீட்டுக்குத் திரும்பியபோது கற்களையும் கொண்டுவந்தார்; இங்கே ஒரு நண்பரிடம் நல்ல அறுப்பு இயந்திரம் இருந்தது. அறுத்தார், சிவப்புக் குறிகளை அப்படியே புது முகத்தில் எழுதினார். ஒரு வாரத்தில் இதயம் நின்றுபோயிற்று. அங்கே சுமதிக்கு முதுகுத்தண்டு வட்டு விலகி, மாதக்கணக்காகப் படுக்கை. கவிதை எழுதுகிறவளுக்கு வேறென்ன வேலை என்று வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் பெட்டியைக் கட்டினேன்.

"இருங்கோ பிள்ளை. முதல் தேத்தண்ணி குடியுங்கோ. கல்லு எங்கயும் ஓடாது" என்றார் சாரின் தமக்கை மனோன்மணி அக்கா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், இரண்டு தலைமுறை இந்தத் தீவிலேயே கழிந்தும் பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை. துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில், இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் எழுத்தராக முப்பது வருடம் இருந்தவர். கழுத்தில் கண்ணாடி, காதோரம் பென்சில். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பென்சில் காதை விட்டு இறங்கவில்லை.

"அக்கா, இதுல சிவப்பா எழுதியிருந்துதே?"

"ஓம், கிறுக்கிக் கிடந்தது. சவுக்காரத் தூள் போட்டுத் தும்பால உரஞ்சிக் கழுவினன். சாமிக்குத் தேங்காய் உடைக்கிற கல்லில கிறுக்கல் கிடக்கலாமோ?"

மூன்று வாரத்துக்கு முன் தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் ரதம் இவர்கள் சந்து முனையைத் தாண்டித்தான் போகும். ரதத்துக்கு முன்னால் இந்த ஊர் தேங்காய் உடைப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மலை மலையாகக் குவித்து, சாலையே வெள்ளையாகும் வரை எறிவார்கள். ஆனால் வயதான பெண்கள் எறிந்தால் தேங்காய் தாரில் விழுந்து, உடையாமல் உருண்டு ஓடிவிடும். உடையாத தேங்காய் வருடம் முழுக்க மனசில் உருண்டுகொண்டிருக்கும். அதற்காகப் பக்கத்து வீட்டு மாரியப்பன் இந்த வருடம் ஒரு வழி கண்டான். சார் அறையில் சும்மா கிடந்த ஆறு தட்டைக் கற்களைச் சந்து முனையில் மேடையாகப் பரப்பினான். குனிந்து ஒரு தட்டு. கிழவி கையிலும் உடைந்தது. எல்லோரும் மாரியப்பனை வாழ்த்தினார்கள்.

அந்தச் சிவப்புக் குறி என்னவென்று நான் சொல்லச் சொல்ல, மனோன்மணி அக்காவின் கோப்பை மெதுவாகத் தட்டுக்கு இறங்கியது.

"அப்ப நான் அழிச்சுப்போட்டன்" என்றார்.  கற்களைப் பார்த்தேன். ஐந்தும் ஒரே சாம்பல் நிறம். எது எது, எந்தப் பக்கம் மேலே, ஒன்றும் தெரியவில்லை.

"ஐந்துதானே இருக்கு அக்கா. ஆறாவது?"

"அது மாரியப்பன்ர லோரியோட கடலுக்கு அங்கால, பிறை எண்ட ஊருக்குப் போயிட்டுது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

அன்று மாலை என்னை வற்புறுத்தி அசாம் லக்சா சாப்பிட அழைத்துப்போனார். அழுகிறவளைக் கடைக்குக் கூட்டிப்போவது இந்த ஊர் வழக்கம் என்று நினைக்கிறேன். மீன் கரைந்த புளிக்குழம்பில் வழவழப்பான நூல்கள், மேலே புதினா, அன்னாசி. கடைக்காரச் சீன அம்மா என்னைப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னார். "முதல் வாயில முகம் சுழிக்காத ஆளுக்கு இரண்டாம் கிண்ணம் குடுக்க மாட்டாவாம். உங்களுக்குக் குடுப்பாவாம்" என்றார் அக்கா. என் முகம் நன்றாகவே சுழிந்திருக்க வேண்டும். பல் கூசியது. அந்தக் கூச்சம் எனக்கு மறுநாள் உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

இரண்டாம் நாள் காலை மாரியப்பனின் லாரி. நாற்பது வயது, உரம் ஏற்றுகிறவன், முப்பாட்டன் திருச்சிப் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தவராம். நடந்ததைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சத்தியமா தெரியாதுக்கா. சாரு கல்லுன்னா சாமிக் கல்லுன்னு நெனச்சேன் லா. பாக்கவும் அப்படித்தானே இருந்திச்சு, நம்பர்லாம் போட்டு."

"நம்பர் போட்ட சாமிக் கல்லை எங்க பாத்த தம்பி?"

"இந்த ஊர்ல எல்லாத்துக்கும் நம்பர் உண்டுக்கா."

உடைந்த தேங்காய்களை மூட்டை கட்டிப் பிறையில் ஒரு மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோனபோது, லாரி உருளாமலிருக்கச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கல்லை எடுத்துப் போயிருக்கிறான். அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். "பயப்படாதீங்க. கல்லுதானே, மாடு திங்காது."

அக்கரைக்குப் பாலம் வந்துவிட்ட பிறகும் மாரியப்பனுக்கு வண்டி ஏற்றும் ஃபெரிப் படகுதான் பிடிக்கும். பாலத்தில் போனால் கடல் தெரியும், ஃபெரியில் போனால் கடல் கூட வரும் என்றான். என்னைவிட நன்றாகச் சொல்கிறான் என்று கொஞ்சம் பொறாமையாக இருந்தது. கம்பியைப் பிடித்து நின்றேன். நீரில் எண்ணெய்ப் பூச்சு, மிதக்கும் தேங்காய் மட்டை, குதித்த ஒரு மீன், மீனைத் தேடும் ஒரு பருந்து. இந்தக் கடலில் காலி இடமே இல்லை. சுமதியின் கடலை நினைத்துப் பார்த்தேன். பருந்து இல்லை, மீன் இல்லை, கரையில் ஒரு பச்சை இல்லை. மூச்சுவிட நமக்குப் போதுமான காற்றுகூட இல்லை. அலை மட்டும் வந்து போயிருக்கும், பார்க்க ஆளில்லாமல். அந்தக் கடலிலிருந்து எங்கள் கைக்கு வந்தவை ஆறு துண்டுகள். அதில் ஒன்றை லாரிச் சக்கரத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

அக்கரையில் இறங்கும் சாய்தளத்தில் சரியாக நடுவில் லாரி நின்றுவிட்டது. பின்னால் முழு ஃபெரியும் ஹாரன் அடித்தது. மோட்டார் சைக்கிளில் வாத்துக் கூடைகளோடு நின்ற ஒரு சீனத் தாத்தா மட்டும் நிதானமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"லோரியைக் கடல்ல தள்ளிடு, மீனுங்க வாடகைக்கு எடுத்துக்கும்னு சொல்றாரு" என்றான் மாரியப்பன், சாவியைத் திருகிக்கொண்டே. தாத்தாவும் இறங்கித் தள்ளினார். நானும் தள்ளினேன். சேலையில் கிரீஸ் பட்டது. கல் கிடைக்காமல் திரும்புவதில்லை என்று அந்தக் கிரீஸைப் பார்த்துத்தான் தீர்மானித்தேன்.

தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்குப் பின்னால், ஒரு சாக்கடை ஓரம், அந்தக் கொட்டகை. கிட்டப் போகுமுன்பே நாற்றம் மூக்கில் ஏறியது. கோயில்களிலிருந்தும் கல்யாண வீடுகளிலிருந்தும் வாராவாரம் வரும் தேங்காய் மூட்டைகள், அடியில் புளித்து ஒழுகிக்கொண்டிருந்தன. மாட்டுக்காரர் பால் கறந்த கையாலேயே சுட்டிக்காட்டினார். "கல்லா? அந்த மூட்டைக்கு அடியில கெடக்கு. ஈரத்துல மூட்டை ஊறுதேன்னு வச்சேன். எடுத்துக்கம்மா. எனக்கு வேற பலகை இருக்கு."

மாரியப்பன் மூட்டையைத் தூக்கினான். நான் கல்லைக் குழாயடியில் வைத்துக் கழுவினேன். கை அப்படியே நின்றது.

மூட்டை படாத ஓரம் மற்ற ஐந்தையும்போல மொண்ணைச் சாம்பல். மூட்டை சொட்டிய பாகத்திலோ வரிகள் எழும்பி நின்றன. கைரேகை மாதிரி, ஒன்று மேடு, ஒன்று பள்ளம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேலும் கவிழ்த்தது போல வளைவுகள். பக்கத்தில் இன்னோர் அடுக்கு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

பல் கூசியது. நேற்றைய லக்சா. பிறகு சென்னையில் என் சமையல் மேடை. கடப்பைக் கல் மேடையில் எலுமிச்சம்பழத்தை நறுக்கித் துடைக்காமல் விட்டால் வெள்ளையாக ஒரு வடு விழும். பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எத்தனை முறை சலித்துக்கொண்டிருப்பேன். புளிப்பு சுண்ணாம்பைத் தின்னும். எல்லா வரியையும் ஒரே வேகத்தில் தின்னாது. தின்ன முடியாத வரிகள் எழுந்து நிற்கும்.

"தம்பி, இந்த ஊர்ல காடி, அதான் வினிகர், எங்க கிடைக்கும்?"

"காடின்னா? சூக்காவா? எந்தக் கடையிலயும் கெடைக்கும். ஊறுகாயா போடப் போறீங்க?"

"ஆமாம். கடலை ஊறுகாய் போடப் போறேன்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஃபெரியில் திரும்பும்போது மடியில் கல்லை வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை தொலைபேசி நிலையத்தில் காத்திருந்து சென்னைக்கு இணைப்பு வாங்கினேன். சுமதியின் படுக்கைக்கு ஃபோனை இழுத்துப்போகும் சத்தம் கேட்டது.

"தேங்காயா?" என்றாள். நான் மறுபடி சொன்னேன்.  பிறகு ஒரு முனகல். "சிரிக்க வைக்காதேக்கா. முதுகு வலிக்குது." அது சிரிப்பு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

காடி ஊற்றலாமா என்று கேட்டேன்.

"பின்பக்கத்துல ஊத்து. பரிசோதனைக்கு நான் உள்ள துளைச்சுத்தான் பொடி எடுப்பேன். தோல் போனா பரவாயில்ல. ரொம்ப நேரம் விடாதே. என் நோட்டுல கீழேர்ந்து மேல ஆறுக்கும் ஒவ்வொரு வரி எழுதியிருக்கேன். படிக்கிறேன், எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். ஒன்று, சேறு காய்ந்து வெடித்த வெடிப்பு. இரண்டு, அலை நெளிவு. மூன்று, கவிழ்ந்த கிண்ணங்கள். நான்கு, மெல்லிய கருவரிகள், ஓரிடத்தில் வளைவு. ஐந்து, மெல்லிய கருவரிகள். ஆறு, புயல் உடைத்த சில்லுகள்.

"வெடிப்பு எப்பவும் மேல வாய் பிளந்து கீழ கூரா முடியும். அலை நெளிவுல கூரான முகடு மேல. கிண்ணம் வெயிலைப் பாத்து வளர்ந்தது. பாசி மாதிரி நுண்ணுயிர்ப் படலம், சுண்ணாம்பைப் புடிச்சுப் புடிச்சு மேல ஏறியிருக்கு. அந்தக் கடல்ல இருந்த ஒரே குடித்தனம் அதுதான். சில்லுல பெரிசு அடியில, பொடிசு மேல. புரியுதா?"

"புரியுது. அஞ்சாவது?"

இரைச்சல். "அஞ்சாவதுதான்க்கா கழுத்து. கடல் மெதுவா ஆழமாச்சா, இல்ல ஆழமா இருந்து மெதுவா வத்துச்சான்னு அதுக்குள்ளதான் இருக்கு. வரிக்கு வரி பொடி எடுக்கணும். அது தலைகீழாப் போச்சுன்னா நான் சொல்றது எல்லாமே தலைகீழ். அதுல அம்பு மட்டும்தான் போட்டேன். எது மேலன்னு வேற எதுவும் எழுதி வைக்கல."

மணி அடித்தது. இணைப்பு அறுந்தது.

பஜாரில் காடிப் புட்டிகளை அள்ளிப் பையில் போட்டபோது, தமிழ் முஸ்லிம் கடைக்காரர், "கல்யாண வீடாம்மா?" என்றார். "அஞ்சு பேருக்குத் தோல் உரிக்கணும் பாய்" என்றேன். அவர் மிச்சச் சில்லறையை வேகமாக எண்ணிக் கொடுத்தார்.

மனோன்மணி அக்கா காத்திருந்தார். பின்கட்டில் ஒரு மேசையே போட்டிருந்தார். அலமாரியிலிருந்து சாரின் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து வந்து, ஒரு கணம் முகத்தருகே வைத்துப் பார்த்தார். பிறகு சர்ரென்று கிழித்தார். "அவன்ர வேலைதானே. அவன்ர வேட்டி" என்றார்.

துணியைக் காடியில் நனைத்துக் கல்லின்மேல் போர்த்தினோம். துணிக்கு அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் பொரிந்தன. காதை வைத்துக் கேட்டேன். மிக மெல்லிய இரைச்சல். அந்தக் கடல் விட்ட காற்று, கல்லுக்குள் அடைபட்டு, இத்தனை காலம் கழித்து ஒரு பினாங்கு வீட்டின் பின்கட்டில் வெளியே வருகிறது. அக்காவுக்கு இந்தக் கற்பனைக்கெல்லாம் நேரமில்லை. கோடு போட்ட தாளில் கல் வாரியாக, துணி போட்ட நேரம், எடுத்த நேரம், துணி மாற்றியவர் பெயர் என்று எழுதிக்கொண்டிருந்தார். கப்பலே வந்து நின்றதுபோல ஒரு தீவிரம்.

"தொட வேண்டாம் பிள்ளை. இன்னும் பத்து நிமிஷம் கிடக்கு."

கல் வேலை செய்யட்டும் என்று மாலையில் என்னைத் தண்ணீர்மலைக்கு அழைத்துப் போனார். படியேறும்போது மூச்சிரைத்தது. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் மழையில் கறுத்த பாறைகள் கிடந்தன. இந்தத் தீவு முழுக்கக் கருங்கல். நெருப்பில் வெந்து, ஆழத்தில் ஆறி இறுகியது. எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் அதில் நேற்று என்ன நடந்தது என்று எழுதியிருக்காது. சுண்ணாம்புப் பாறை அப்படி இல்லை. தண்ணீரில் நாள்தோறும் படிந்தது. வாய் மூடாத கல். யார் வந்து மிதித்தாலும் தடம் எடுத்து வைத்துக்கொள்ளும்; அதனாலேயே ஒரு சொட்டுப் புளிப்புக்கும் இளகிவிடும்.

அக்கா சன்னதியில் நெடுநேரம் கண்மூடி நின்றார். இறங்கும்போது, "என்ன வேண்டிக்கொண்டீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்தை வேண்டுறது? நீரும் உம்மட தேங்காயும் எண்டு முருகனைக் கொஞ்சம் பேசிப்போட்டு வந்தன்."

நான்காம் நாள் காலை கற்கள் பேசின. ஒன்றில் ஆப்பு ஆப்பாக வெடிப்புகள். வாய் ஒரு பக்கம், கூர் ஒரு பக்கம். ஏதோ ஒரு கரை, ஏதோ ஒரு வெயிலில் காய்ந்து பிளந்திருக்கிறது. இன்னொன்றில் அலை நெளிவு, ஈர மணலில் நேற்றுப் போட்டதுபோல. இன்னொன்றில் சில்லுகள் கலைந்து கிடந்தன. பெரியவை ஒரு பக்கம், பொடிகள் மறுபக்கம். பிறையிலிருந்து வந்தது கிண்ணக் கல், மூன்றாவது. ஒவ்வொன்றிலும் சிவப்பு அம்பு போட்டேன். நான்கு முடிந்தன.

மீதி இரண்டும் கறுப்பு வரிகள். நேர்நேராக, மெல்லிசாக. வெயிலும் அலையும் எட்டாத ஆழத்தில் சேறு சத்தமில்லாமல் இறங்கிய நாட்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மதியம் வரை பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாரியப்பன் சாப்பாட்டு நேரத்தில் நாசி கண்டார் பொட்டலங்களோடு வந்தான். சோறு முழுக்கக் குழம்பில் குளித்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டே என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான்.

"இது தலகீழா இருக்குக்கா."

"எது?"

எச்சில் படாத கையால் காட்டினான். வரிகளுக்கு நடுவே, அவரை விதை அளவு ஒரு சில்லு. நான் அதை அழுக்கு என்று நினைத்திருந்தேன். அதற்கு ஒரு பக்கம் வரிகள் நசுங்கி உள்வாங்கியிருந்தன. மறுபக்கம் வரிகள் மெல்லப் போர்த்தியதுபோல் வளைந்து போயின.

"அரிசி மூட்டை மேல பொட்டி வச்சீங்கன்னா எது அமுங்கும்? அடி மூட்டைதானே. அதுக்கு மேல போடுற மூட்டை பொட்டியைப் போத்திக்கிட்டுப் படுத்துக்கும். இருவது வருசமா பாக்குறேன் லா. இந்தப் பக்கம் அமுங்கிருக்கு, அப்ப இதான் கீழ."

ஓரிடத்தில் வளைவு. நான்காம் கல். எங்கிருந்தோ வந்த ஒரு சின்னச் சில்லு அந்தச் சேற்றில் போய் விழுந்து, இத்தனை காலம் மாரியப்பனுக்காகக் காத்திருந்திருக்கிறது. அவனுக்கு ஒரு பொட்டலம் மறுபடி வாங்கித் தரலாம் என்றேன். இரண்டு வாங்கலாம், மனைவிக்கும் என்றான்.

மிச்சம் ஐந்தாவது.

அதில் சில்லு இல்லை. வளைவு இல்லை. வெடிப்பு, நெளிவு, எதுவும் இல்லை. பக்கவாட்டிலும் காடித் துணி போட்டோம். வரிகள் இன்னும் கூர்மையாயின. ஆனால் வாய் திறக்கவில்லை. ஒரு முனையில் வரிகள் சற்றே அடர்ந்து கறுத்திருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க, அதுதான் அடி என்று எனக்குத் தோன்றிக்கொண்டே வந்தது. இருட்டு கீழே, வெளிச்சம் மேலே. அழகாக இருந்தது. ஒரு கவிதையாக இருந்தால் அப்படித்தான் முடிப்பேன். சுமதி படுக்கையில் விரல்களை எண்ணிக்கொண்டிருப்பாள். ஐந்து வருட வேலை. ஓர் அம்பு போட்டால் எல்லாம் முடிந்துவிடும். யாருக்குத் தெரியப்போகிறது?

சிவப்புப் பென்சிலை எடுத்துக் கல்லில் வைத்தேன்.

"உமக்குத் தெரியுமோ?" என்றார் மனோன்மணி அக்கா. தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"தோணுது அக்கா."

"நான் கேட்டது அது இல்லை."

 அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"கப்பலில வாற மூட்டையில சில நேரம் குறி அழிஞ்சிருக்கும். மழை, எண்ணெய், என்னமோ. இன்னாற்ற மூட்டைதான் எண்டு பாத்தாலே எங்களுக்குத் தோணும். அப்பிடித் தோணினதுக்குக் குறி போட்டால் அண்டைக்கே வேலை போகும். ஏனெண்டால், குறியில்லாத மூட்டை கரையிலதான் கிடக்கும், ஆரும் வந்து தேடலாம். பொய்க்குறி போட்டது வேற துறைமுகத்துக்குப் போயிடும். பிறகு ஆரும் தேட மாட்டினம். அதில தான் குறி இருக்கே."

பென்சிலை எடுத்துவிட்டேன். கல்லில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்திருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

அக்கா ஆறு அட்டைத் துண்டுகள் வெட்டி, துளையிட்டு, சணல் கோத்தார். இந்த முறை மெழுகை மட்டும் நம்பவில்லை. அலுவலகத்திலிருந்து ஓய்வு பெறும்போது கொண்டுவந்த, கழுவினாலும் போகாத மை. உருண்டை எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதினார். ஒன்று, மேல் பக்கம் அம்பு. இரண்டு, அம்பு. மூன்று. நான்கு, இதில் 'மேல் பக்கம் கண்டது மாரியப்பன்' என்றும் சேர்த்தார். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். ஆறாவதையும் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் ஐந்தை எடுத்தார்.

'ஐந்து. குறி இல்லை.'

அதற்குக் கீழே தேதி போட்டார். தேதிக்குக் கீழே தம் முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார்.

"இதுல எதுக்கு அக்கா உங்க கையெழுத்து?"

"அழிச்சது நான். ஆர் அழிச்சதெண்டு எழுதாட்டில், கல்லில பிழை எண்டு நினைப்பினம்."

ஐந்தாம் நாள் விமானநிலையத்துக்கு மாரியப்பன் லாரியிலேயே கொண்டுவிட்டான். வழியில் நிற்கவில்லை. சரக்கு மேசையில் இருந்த மலாய் இளைஞன் பெட்டியைத் தூக்கிப் பார்த்து முனகினான். உள்ளே என்ன என்று கேட்டிருக்க வேண்டும். மாரியப்பன் ஒரே சொல்லில் பதில் சொன்னான். "லாவுட்னு சொன்னேன்" என்று என்னிடம் திரும்பினான். "கடல்." இளைஞன் சிரித்துவிட்டு, அம்புக்குறி போட்ட சீட்டு ஒன்றைப் பெட்டியின்மேல் அறைந்து ஒட்டினான்.

சென்னையில் சுமதியின் கட்டிலருகே பெட்டியைத் திறந்தேன். காடி வாசனை அறையை நிறைத்தது. படுத்தபடியே ஒவ்வொன்றாக வாங்கி மார்பின்மேல் வைத்துக்கொண்டு விரலால் தடவினாள். கிண்ணக் கல்லில் வெகுநேரம் விரல் நின்றது. "நான் ஆசிட் போட்டிருந்தாக்கூட இவ்வளவு நல்லா வந்திருக்காதுக்கா" என்றாள். நான்காவதில் மாரியப்பன் யார் என்று கேட்டாள். சொன்னேன்.

ஐந்தாவதின் அட்டையைப் படித்தாள். கையெழுத்தைப் படித்தாள். முகத்தில் எதுவோ தளர்ந்து, பிறகு இறுகியது. நான் என்னிடம் இருந்த ஊகத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அடர்ந்த முனை அடியாக இருக்கலாம் என்று. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

கல்லை ஒருமுறை இப்படி வைத்துப் பார்த்தாள். திருப்பி அப்படி வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு தாள் எடுக்கா" என்றாள். "ரெண்டு விதமாவும் எழுதறேன்."